முகக்கவசத்தால் பருவும் அரிப்புமா? கண்ட களிம்பைத் தடவாதீர்கள்!

கொரோனா காலத்தில் முகக்கவசம் நம் உடையோடு உடையாகச் சேர்ந்திருந்தது. கூடவே மூக்கைச் சுற்றிப் பரு, கன்னத்தில் எரிச்சல், காதுக்குப் பின்னால் புண் என்ற புகார்களும் நம் வீடுகளில் கேட்டன. அதற்காக முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டால், அதை அணிவதில் பயனே இல்லை.

நாம் விடும் மூச்சின் ஈரமும் சூடும் துணிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தோலின் நுண்துளைகளை அடைப்பதால் பரு வருகிறது. ஈரத்தில் ஊறிய தோலில் துணி உரசினால் சிவந்து எரியும். காதுக்குப் பின்னால் மட்டும் அரித்தால், ரப்பர் நாடா ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பாருங்கள். துணி நாடாவால் கட்டும் வகைக்கு மாறலாம்.

ஒளு செய்துவிட்டு ஈர முகத்தோடு முகக்கவசத்தை மாட்டிக்கொள்வது அப்போது நம்மில் பலருக்குப் பழக்கமாக இருந்தது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முகம் காய்ந்த பிறகு அணியுங்கள். வீட்டிலிருந்து கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன் பிசுபிசுப்பில்லாத மாய்ஸ்சரைசர் தடவினால் உரசல் குறையும். மேக்கப்பை முகக்கவசத்துக்கு அடியில் தவிர்ப்பது நல்லது. பருத்தி முகக்கவசத்தைத் தினமும் துவைத்து, சோப்பு போக நன்றாக அலசுங்கள். தங்கிய சோப்பே பலருக்கு அரிப்பைக் கொடுக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆளில்லாத திறந்த வெளியில் பதினைந்து நிமிடம் கழற்றி வைக்கலாம்.

மருத்துவமனையில் பணிபுரிந்து என்95 அணிபவர்கள் மூக்குத்தண்டில் பஞ்சோ பிளாஸ்டரோ ஒட்டினால், இடைவெளி விழுந்து பாதுகாப்பு குறையக்கூடும். ஒட்டிய பிறகு காற்று கசிகிறதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும்.

நாம் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மருந்துக் கடையில் 'முகத்தில் அரிப்பு' என்று சொன்னதும் கையில் கிடைக்கும் களிம்பு பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று டியூபில் அச்சிட்டிருக்கும். தடவிய இரண்டே நாளில் சிவப்பு அடங்கும், முகமும் பளிச்சென்று தெரியும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பரு இன்னும் மோசமாகும். நிறுத்தினால் முகம் எரியும். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் இந்திய அரசே விதித்தது. ஆனாலும் வாங்குகிறோம், ஒருவருக்குக் கேட்டது என்று வீடே தடவுகிறது. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் கூட எரிந்த தோலை மேலும் புண்ணாக்கும்.

சாதாரணப் பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு களிம்பை இரவில் மெல்லியதாகத் தடவலாம் (தலையணை உறை வெளுத்துப்போகும், வெள்ளை உறையாகப் போடுங்கள்). எரிச்சலுக்கு வாசனையில்லாத மாய்ஸ்சரைசரே பெரும்பாலும் போதும். சீழ் பிடித்தாலோ, வலியுள்ள கட்டிகள் வந்தாலோ, இரண்டு வாரமாகியும் அடங்காவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இதுவரை தடவிய டியூப்களையும் எடுத்துச் செல்லுங்கள்.