வைப்ஸ் வார்மர் வாங்கி அனுப்பலாமா?



சில வாரங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரி எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். பிறந்த ஊர் கடலூர் பக்கம். மணமாகிப் போய் நெடுங்காலமாகக் குளிர் நாட்டில் வாழ்கிறவர்கள். தங்கள் பேரக்குழந்தைக்காக "வைப்ஸ் வார்மர்" என்ற ஒரு சாதனம் வாங்கியதாகவும், அதேபோல் பத்துப் பெட்டிகளை எங்கள் பிரசவ வார்டுக்கு வாங்கி அனுப்ப ஆசைப்படுவதாகவும், அது உபயோகப்படுமா என்று தெரிவிக்கும்படியும் கேட்டிருந்தார்கள். வாங்கி அனுப்பிவிட்டுப் பிறகு சொல்லாமல், முதலில் கேட்டு எழுதினதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லுகிறோம். எங்கள் டாக்டரிடமும் சிஸ்டர்மார்களிடமும் கலந்து பேசி நாங்கள் அறிந்துகொண்டதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். வீட்டில் பேரப்பிள்ளைகளை எதிர்பார்த்திருக்கிறவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில், இது என்ன சாதனம்? குழந்தை மலஜலம் கழித்தபின் துடைப்பதற்கென்று ஈரமாகவே பாக்கெட்டில் விற்கும் மெல்லிய தாள்களைத்தான் "வைப்ஸ்" என்கிறார்கள். இப்போது நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. அந்தத் தாள்களை அடுக்கிவைத்து, மின்சாரத்தால் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் மூடியிட்ட சிறு பெட்டியே வைப்ஸ் வார்மர். நள்ளிரவில், பனிக்காலத்தில், சில்லென்ற ஈரத்தாள் பட்டுக் குழந்தை வீறிட்டு அழாமல் இருப்பதற்காக இதைக் கண்டுபிடித்தார்கள். மருத்துவமனைகளில் சிசுவைக் கிடத்தி மேலிருந்து வெப்பம் கொடுக்கும் "ரேடியன்ட் வார்மர்" வேறு. அது உயிர் காக்கும் கருவி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வார்டுக்கு அந்தப் பெட்டி வேண்டாம். ஆனால் அந்தச் சகோதரியின் உள்ளத்தில் எழுந்த கவலை, அதாவது பிறந்த குழந்தைக்குக் குளிரக் கூடாதே என்ற கவலை, மிகவும் சரியானது. அதை நாம் இன்னும் அதிகமாகவே பட வேண்டும்.

"கடலூரில் குழந்தைக்குக் குளிருமா? வெயில் காலத்தில் நாமே வெந்து போகிறோமே!" என்று சிலர் கேட்கக்கூடும். பிறந்த குழந்தை நம்மைப் போன்றதல்ல. அதன் எடைக்குத் தோல்பரப்பு மிக அதிகம். தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. குளிர்ந்தால் நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் வேறு சில இடங்களிலும் உள்ள பழுப்பு நிறக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் கொஞ்சமே. ஆகவே பிரசவ அறையின் வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்று சொல்லுகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் நம் கடலோரத்தில் இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்கு இறங்குகிறது. நமக்கு அது இதமான காற்று. சிசுவுக்கு அது குளிர்.

குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிறந்த உடனே துடைத்து மூடாமல் ஈரத்தோடு விட்டால், முதல் 10 முதல் 20 நிமிடங்களிலேயே 2 முதல் 4 டிகிரி வரை குறைந்துவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1997-ல் வெளியிட்ட கையேடு எச்சரிக்கிறது. உடல் குளிர்ந்த குழந்தை பால் குடிக்கச் சோம்பும், இரத்தத்தில் சர்க்கரை குறையும், மூச்சு தடுமாறும். எடை குறைந்த பிள்ளைக்கு இது உயிருக்கே மோசமாய் முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில் எங்கள் வார்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவக் குடும்பம். பிள்ளையின் எடை 2 கிலோவுக்கும் குறைவு. தாய் களைத்துப் படுத்திருக்க, பாட்டியம்மா இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளையைக் கவனித்தார்கள். பிள்ளை நனைக்கும்போதெல்லாம் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, துணியை நனைத்துப் பிழிந்து, வெதுவெதுப்பாகவே துடைத்தார்கள். விடிகாலையில் பிள்ளை மார்பைப் பிடிக்கவில்லை. கால் ஐஸ் போலிருந்தது, வயிற்றிலும் சூடில்லை. சிஸ்டர் உடனே பிள்ளையின் ஈரத்தை உலரத் துடைத்துத் தாயின் வெற்று மார்பில் கிடத்தி, மேலே போர்த்தினார்கள். மாலையில் பிள்ளை பால் குடித்தது. நாங்கள் ஜெபிக்கச் சென்றபோது பாட்டியம்மா அழுதுகொண்டே கேட்டார்கள்: "வெதுவெதுன்னுதான தொடச்சேன் ஐயா, அப்புறம் எப்படிப் புள்ள சில்லுன்னு போச்சு?"

வைப்ஸ் வார்மரைப் பற்றிய கேள்விக்குரிய விடை, அந்தப் பாட்டியம்மாவின் கேள்வியிலேயே இருக்கிறது. துடைக்கும் துணி சூடா, குளிர்ச்சியா என்பது சிறிய காரியம். துடைத்தபின் தோல் ஈரமா, உலர்ந்ததா என்பதே பெரிய காரியம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஓர் ஈரத்தாளில் 5 கிராம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பெட்டி 10 டிகிரி சூடாக்கினால், அதில் ஏறும் வெப்பம் 50 கலோரி. பெட்டியிலிருந்து எடுத்து விரிப்பதற்குள் அதில் ஒரு பங்கு காற்றில் போய்விடும். மறுபக்கம், தோலில் தங்கிய தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் என்பது சுமார் 20 சொட்டுதான். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி குழந்தையின் உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. பெட்டி கொடுத்ததைப்போல் பத்து மடங்குக்கு மேல் அந்த ஒரு கிராம் ஈரம் எடுத்துக்கொண்டு போகிறது! 2 கிலோ குழந்தையின் தோலிலிருந்து 3 கிராம் நீர் ஆவியானால், உடல் வேறு வழியில் ஈடுசெய்யாவிட்டால், அதன் வெப்பம் ஒரு டிகிரி குறையப் போதுமானது. மண்பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறதோ, அதனால்தான் ஈரக் குழந்தையும் குளிர்கிறது. மேலே மின்விசிறியும் சுழன்றால் கேட்கவே வேண்டாம்.

அன்றியும் வேறு சில காரியங்களும் உண்டு. ஈரமும் வெதுவெதுப்பும் மூடிய இடமும் சேர்ந்தால் கிருமிகள் வளர வசதியாகும். ஒரு வீட்டில் ஒரு தாய் தினமும் கழுவி வைத்துக்கொள்ளலாம்; பல பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பலர் கைவிடும் வார்டில் அது அபாயம். தாளும் மின்சாரமும் தொடர்ந்து செலவு வைக்கும். நம் மாவட்டத்து மின்சாரத்தைப் பற்றியும் நினைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபின், பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரை கடந்தபோதும், தொடர்ந்து தென்பெண்ணை பெருகியபோதும் அப்படியே அவதிப்பட்டோம். எந்த இரவில் குழந்தைக்குச் சூடு மிகவும் தேவையோ, அந்த இரவில்தான் மின்சாரம் போய்விடுகிறது.

நியாயமாய்ச் சொல்வதானால், வைப்ஸ் தாள் தன்னில்தானே கெட்டதல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் 280 குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், நல்ல வைப்ஸும், பஞ்சும் தண்ணீரும் தோலுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன என்று கண்டார்கள். குளிர் நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்கு வார்மர் வாங்கினால் அது அவர்கள் வசதி, குற்றமில்லை. வாங்க இயலாதவர்கள் ஈரத்தாளை உள்ளங்கைகளுக்கிடையே சிறிது நேரம் பொத்தி வைத்தால் அதே வெதுவெதுப்பு வந்துவிடும். நம் ஊரிலோ வெதுவெதுப்பான தண்ணீரும், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயவைத்த மெல்லிய துணியும் தாராளமாய்ப் போதும். எதனால் துடைத்தாலும், உடனே வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி, மடிப்புகளில் ஈரமில்லாமல் எடுத்து, மூடிவிட வேண்டும்.

அப்படியானால் குழந்தைக்குத் தேவையான சூடு எங்கிருந்து வரும்? பிறந்தவுடன் ஒரு துணியால் முழுவதும் துடைத்து, அந்த ஈரத்துணியை அப்புறப்படுத்தி, வேறு உலர்ந்த துணியால் மூட வேண்டும். தலைக்குக் குல்லா போட வேண்டும். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது. எடை குறைந்த பிள்ளைக்கு டாக்டர் சொல்லும்வரை கூடாது. தாய்ப்பாலைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலான சூடு தாயின் மார்பு.

1970-களின் முடிவில் தென் அமெரிக்காவிலே கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்னும் டாக்டர்கள், இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது, எடை குறைந்த குழந்தைகளைத் தாய்மாரின் மார்போடு மார்பாகக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார்கள். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருப்பதால் "கங்காரு தாய்ப் பராமரிப்பு" என்று பெயர் வந்தது. இது ஏழைகளுக்கு ஏற்பட்ட மாற்று வழி என்றே பலர் எண்ணினார்கள். ஆனால் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், பிறக்கும்போது 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகளை வைத்து நடத்தி 2021-ல் வெளியான ஆய்வு வேறுவிதமாய்க் காட்டியது. பிறந்த உடனே தாயின் மார்பில் வைக்கப்பட்ட பிள்ளைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12.0, முதலில் கருவிகளில் வைத்து, உடல்நிலை சீரானபின் தாயிடம் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 15.7. மின்சாரக் கருவிகள் இருந்த ஆஸ்பத்திரிகளிலேயே இந்த வித்தியாசம்! 2022 முதல் உலக சுகாதார நிறுவனம், குறைமாத, எடை குறைந்த பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யும்படி கூறுகிறது. தாய்க்கு முடியாத நேரத்தில் தகப்பனாரோ பாட்டியோ செய்யலாம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 45 கிலோமீட்டர். நோயுற்ற சிசுவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் இப்படிப்பட்ட பயணத்தில்தான் பிள்ளை மிகவும் குளிர்ந்துபோகிறது. டாக்டர் அனுமதித்தால், ஆம்புலன்சில் தாயின் மார்பிலேயே பிள்ளையை வைத்து, புடவையால் சுற்றி அனுப்பலாம். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

ஆனால் இதற்குச் செலவே இல்லை என்று சொல்லமாட்டோம். நாள் முழுவதும் பிள்ளையை மார்பில் சுமக்கும் தாய்க்குச் சாய்ந்து உட்கார நாற்காலி வேண்டும். மறைவுக்குத் திரை வேண்டும். அவளுக்கும் துணையாளுக்கும் சாப்பாடு வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் தாய் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் தங்கினால், வீட்டில் மற்றப் பிள்ளைகள் பசியோடிருப்பார்கள். அதனாலேயே பாதியில் வீடு திரும்புகிற தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நாங்கள் எழுதின பதில் இதுவே: பத்துப் பெட்டிகளுக்காக எடுத்துவைத்த பணத்தில் மெல்லிய பருத்தித் துணிகளும், சிறு குல்லாக்களும், காலுறைகளும் வாங்க உதவுங்கள். கூடவே, குறைந்த வெப்பத்தையும் காட்டும் தெர்மாமீட்டர்கள் சில வாங்கலாம். சாதாரணக் காய்ச்சல் தெர்மாமீட்டரில் 35 டிகிரிக்குக் கீழே கோடே இல்லை. பிள்ளை 33 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தாலும் அது நமக்குச் சொல்லாது. மீதமிருந்தால் ஒரு தாயின் இரண்டு வாரச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் சந்தோஷத்தோடு சம்மதித்துப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

பெத்லகேமில் சத்திரத்திலும் இடமில்லாத இரவில், மரியாள் தன் பாலகனைத் துணிகளில் சுற்றியே காத்தாள். நம் வார்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் வேண்டியது உலர்ந்த ஒரு துணியும், தாயின் மார்பும், அவள் அங்கே கவலையின்றித் தங்கியிருக்க நம்முடைய ஆதரவுமே. பரங்கிப்பேட்டைப் பாட்டியம்மாவின் பேரன் இப்போது பள்ளிக்குப் போகிறான் என்று அறிந்து தேவனைத் துதிக்கிறோம். எங்கள் தாய்மாரையும் சிஸ்டர்மாரையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்