மான் பார்க்கும் காசு எங்கே போகிறது?

மானைப் பார்க்கக் காசா? பறவையைப் பார்க்கக் காசா? இயற்கை கொடுத்ததற்குச் சீட்டுக் கிழிக்க இவர்கள் யார்?

வேதாரண்யத்துத் தேநீர்க் கடையில் இந்தக் கேள்வி எழுந்தால், அற்பக் கேள்வி என்று அதைத் தள்ளிவிட முடியாது, தோழர்களே! கேள்வி கேட்டுப் பழகிய மண் அது. 1930 ஏப்ரலில் இராஜகோபாலாச்சாரியார் தலைமையில் தொண்டர் படை திருச்சியிலிருந்து நடந்தே வந்து, கடல் கொடுத்த உப்புக்கு வரி கேட்ட வெள்ளையனின் சட்டத்தை உடைத்த இடம். அகஸ்தியன்பள்ளியில் நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது. அந்தத் தூணைத் தாண்டிக் கோடியக்காட்டுப் பக்கம் போனால் வருவது கோடியக்கரைச் சரணாலயம். உள்ளே போய்ப் பார்க்கக் கட்டணம் உண்டு. உப்புக்கு வரி கூடாது என்று முழங்கிய ஊரில் மானுக்கு வரி மட்டும் சரியாகுமா?

சரிதான் என்பேன். உப்பில்லாமல் ஏழைக்குக் கஞ்சி இறங்காது. மான் பார்க்காமல் இறங்கும். காரிலே வந்து இறங்கி, கழுத்திலே காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு பகல் பொழுதை இன்பமாகக் கழித்துவிட்டுப் போகிறவர் பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. வெள்ளையன் வாங்கிய உப்பு வரியில் நமக்கு வலித்தது கொடுத்தது மட்டுமா? கொடுத்த காசு நம் ஊருக்குத் திரும்பி வரவில்லையே, அதுவும்தான். அந்த இடத்திலேதான் கோடியக்கரைச் சீட்டையும் பிடித்துக் கேட்க வேண்டும்: வாசலில் வாங்குகிற காசு எங்கே போகிறது?

இந்தக் காடு சாமானியக் காடல்ல. அண்ணா முதலமைச்சரான அதே 1967இல் சரணாலயம் ஆயிற்று. பரப்பு 21 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உலக்கைப் பாலை மரங்கள். அடியிலே வெளிமான் கூட்டம். யாரோ எப்போதோ விட்டுப்போய்க் காட்டோடு காடாகிவிட்ட மட்டக்குதிரைகள். காட்டை ஒட்டிச் சதுப்பு. மழைக்காலம் வந்தால் பூநாரையும் உள்ளானும் ஆயிரக்கணக்கான கல் தொலைவைக் கடந்து வந்து இறங்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல்லாண்டுகள் பறவைக் காலுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்தார்கள். 2002இல் சரணாலயமும் சதுப்பும் சேர்ந்து, உலக நாடுகளின் ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் ஏறின. தமிழகத்திலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் ஏறிய இடம் இதுதான். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கோடிக்கரை என்றால் பூங்குழலி நினைவுக்கு வருவாள். இருக்கட்டும்! காட்டைக் காப்பது கதாநாயகி அல்ல, காவற்காரன்.

கோடையில் குட்டை வற்றும். மான் தண்ணீர் தேடிக் காட்டைவிட்டு வெளியே வரும். நாய் கடிக்கும், வண்டி மோதும். ஆகவே தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும். மான் மேய வேண்டிய புல்வெளியைச் சீமைக் கருவேலம் விழுங்குகிறது. மேலே வெட்டினால் தழைத்துக் கொள்ளும் சனியன் அது. வேரோடு பிடுங்க வேண்டும், மறு ஆண்டு முளைப்பதையும் பிடுங்க வேண்டும். இரவு ரோந்து இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலாட வரும் பெருங்கூட்டம் விட்டுப்போகிற குப்பையும் இருக்கிறது. அத்தனையும் மனிதன் கையால் நடக்கிற வேலை. அந்தக் கைக்குக் கூலி என்ன? தமிழகக் காடுகளில் வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பெயரோடு தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுவோர் எத்தனையோ பேர். ‘எங்களை நிரந்தரமாக்குங்கள்’ என்ற அவர்களுடைய குரல் பழைய குரல்.

வாசலில் வாங்கும் காசு வாசலிலேயே தங்க வேண்டும் என்று சட்டம் சொல்லாமலில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2006இல் திருத்தியபோது, ஒவ்வொரு புலிக் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை, நுழைவுக் கட்டணத்தை அந்தக் காப்பகத்துக்கே திருப்பிச் செலவிட வழி என்று எழுதினார்கள். முதுமலை, ஆனைமலை உள்ளிட்ட நம் 5 புலிக் காப்பகங்களுக்கும் அது பொருந்தும். கோடியக்கரையில் புலி இல்லை. ஆகவே அந்தப் பிரிவு இதற்கு இல்லை! புலிக்கு ஒரு நீதி, மானுக்கு ஒரு நீதியா?

கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி, அடுத்து தேக்கடி. அங்கே காட்டிலே வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். வழக்கு, சிறை என்று அலைந்தவர்கள். 1990களில் அவர்களையே கூப்பிட்டு, ‘பயணிகளை அழைத்துப் போங்கள், இரவிலே காவல் சுற்றுங்கள், வருமானத்தில் பங்கு உங்களுக்கு’ என்றார்கள். காட்டின் சந்து பொந்தெல்லாம் அறிந்தவன் காவற்காரனானால் திருடன் எங்கே ஒளிவான்? 2004இல் பெரியாறு அறக்கட்டளை வந்தது. ஆப்பிரிக்காவிலே ருவாண்டா என்ற சின்ன நாடு. கொரில்லாக் குரங்கைப் பார்க்க 2017 முதல் வெளிநாட்டாரிடம் 1,500 டாலர் வாங்குகிறது. சுற்றுலா வருவாயில் 10 சதவீதம் காட்டோரக் கிராமங்களுக்குப் போகிறது. அந்த ஊர்க்காரனுக்குக் குரங்கு பகையல்ல, பள்ளிக்கூடக் கட்டடம்.

கோடியக்காட்டாருக்கும் கோடியக்கரையாருக்கும் மான் என்னவாக இருக்கிறது? முன்பு ஆடு மாடு மேய்ந்த காட்டில் இன்று மேய்ச்சல் இல்லை. சுள்ளி பொறுக்கினால் குற்றம். இழப்பு அவர்களுடையது, காட்சி வெளியூரானுடையது. காசிலாவது பங்கு வேண்டாமா? அவர்களுக்கும், பருவத்துக்கு வந்து குடிசை போடும் மீனவர்க்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு காசு கூடக் கட்டணம் கூடாது. தன் பிழைப்புக்காகக் காட்டுப் பாதையில் போகிறவன் பயணி அல்ல.

பயன்படுத்துகிறவன் கட்ட வேண்டும் என்பது கொள்கையானால், பயன்படுத்துகிறவன் காரில் வருகிறவன் மட்டும்தானா? சதுப்பை வளைத்து உப்பெடுக்கும் பெரிய கம்பெனிகள் இல்லையா? சொந்தக் காலால் மிதித்துப் பாத்தி கட்டும் உப்பளத் தொழிலாளியைச் சொல்லவில்லை. ஏக்கர் ஏக்கராகக் குத்தகை எடுத்தவர்களைச் சொல்கிறேன். பறவை நிற்கிற தண்ணீரைப் பாத்திக்குள் அடைப்பவர்கள் பறவைக்கென்று என்ன கட்டுகிறார்கள்?

சீட்டுக் காசு வருகிறதே என்று சர்க்கார் தன் கையைச் சுருக்கிக்கொள்வதையும் ஒப்ப முடியாது. 2018 நவம்பர் 16இல் கஜா அடித்தது. மரம் சாய்ந்தது, மானும் குதிரையும் பறவையும் செத்து விழுந்தன. 2020இல் கொரோனா, சரணாலய வாசல்கள் அடைபட்டன. வாசல் அடைபட்டால் சீட்டு இல்லை. காவற்காரன் வீட்டு உலையும் அடைபட வேண்டுமா? கூலி வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வரட்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் கருவேலம் பிடுங்குவதற்கும் ஊர்ப் பங்குக்கும் சீட்டுக் காசு போகட்டும்.

2023இல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு அகல ரயில் பாதை திறந்துவிட்டார்கள். கூட்டம் கூடும், வசூலும் கூடும். ஐப்பசி மழை விழுந்து பூநாரை இறங்குவதற்கு முன் கோடியக்காட்டு வாசலில் ஒரு கரும்பலகை வைக்கச் சொல்லுங்கள். இந்த மாதம் வசூல் இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்று சாக்குக்கட்டியால் எழுதட்டும். கிராமசபைக்குப் போகும் தோழர்கள் முதலில் இதைக் கேளுங்கள். பலகைக்கு ஆகிற செலவு ஒரு நாள் சீட்டுக் காசுக்குள் அடங்கும்.