மாவுக்கட்டுக்குள் என்ன நடக்கிறது?

குளியலறைத் தரை ஈரமாக இருக்கிறது, கால் வழுக்குகிறது. விழும்போது யாரும் யோசிப்பதில்லை, கை தானாக முன்னே போய் ஊன்றிக்கொள்கிறது. உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்குகிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த மணிக்கட்டையே வைத்துப் பேசுவோம்.

"விரலை அசைக்க முடிகிறதே, எலும்பு எப்படி முறிந்திருக்கும்?" வீட்டில் முதலில் எழும் சந்தேகம் இது. விரலை இழுப்பவை தசைநாண்கள் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற நார்கள்). அவை அறுபடாதவரை, எலும்பு முறிந்திருந்தாலும் விரல் அசையும். அதனால் அசைவை நம்பாதீர்கள். வீக்கம் இருக்கிறதா, ஓரிடத்தில் தொட்டால் மட்டும் சுளீரென்று வலிக்கிறதா, மணிக்கட்டுக்குச் சற்று மேலே புறங்கைப் பக்கம் மேடு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் இந்த முறிவை விவரித்தபோது எக்ஸ்ரே கிடையாது. அது வந்ததே 1895இல்தான். இந்த முறிவை மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரால் குறிப்பிடுகிறார்கள்.

"விரிசல்தானாம், முறிவு இல்லையாம்" என்று ஆறுதல் அடைபவர்களும் உண்டு. விரிசலும் முறிவுதான். எலும்பு இடம் விலகவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

விழுந்தவுடன் என்ன செய்வது? முதல் வேலை, வளையலையும் மோதிரத்தையும் கழற்றுவது. வீக்கம் ஏறிவிட்டால் கழற்ற முடியாது, விரலுக்குப் போகும் ரத்தத்தை அவையே நெரிக்கும். நாளிதழைத் தடிமனாக மடித்துக் கைக்கு அடியில் கொடுத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, கழுத்தில் தூளி போலத் தொங்கவிடுங்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், விலகிய எலும்பு இன்னும் விலகும். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை காபிகூட வேண்டாம்.

"நாட்டுக்கட்டு போடலாமா?" எலும்பு விலகாமல் இருந்தால், அசையாமல் பிடித்து வைத்தாலே பெரும்பாலும் கூடிவிடும். நாட்டுக்கட்டு பலருக்குப் பலித்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் விலகியிருக்கிறதா என்பது கையால் தடவினால் உறுதியாகத் தெரியாது. எங்கே கட்டுப் போட்டாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கையே அழுகிப் போகும் ஆபத்து உண்டு. இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

உள்ளே எலும்பை ஒட்டவைப்பது எது? கட்டு அல்ல, உங்கள் உடம்புதான். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. அதற்குள் புது ரத்தக் குழாய்கள் நுழைகின்றன. இரண்டு, மூன்று வாரத்தில் ரப்பர் போன்ற மென்மையான பாலம் ஒன்று இரு முனைகளையும் இணைக்கிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுகிறது. மணிக்கட்டுக்கு இது சுமார் 6 வாரம், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு 3, 4 மாதமும் ஆகலாம். குழந்தைகளுக்குச் சீக்கிரம் கூடும். புகை பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தாமதமாகும்.

அப்படியானால் மாவுக்கட்டு எதற்கு? மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, கையை இழுத்து எலும்பை நேராக்குகிறார். அந்த நிலையிலேயே அது நிற்பதற்குத்தான் கட்டு. நனைத்த மாவு இறுகும்போது கை கதகதவென்று சுடும், பயப்பட வேண்டாம். முழுதாகக் காய இரண்டு நாள் ஆகும். அதுவரை அதன் மேல் பாரம் வைக்காதீர்கள்.

மூட்டுப் பரப்பே உடைந்திருந்தாலும், நேராக்கிய எலும்பு மறுபடி நழுவினாலும் அறுவை சிகிச்சை செய்து தகடும் திருகும் வைப்பார்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் காயத்தைக் கழுவிச் சுத்தம் செய்யவே அறுவை அரங்குக்குப் போக வேண்டும், அதில் தாமதமே கூடாது. வயதானவர்களின் இடுப்பெலும்பு முறிவுக்கும் பெரும்பாலும் அறுவைதான், ஓரிரு நாளுக்குள் செய்வது நல்லது. தகட்டைப் பின்னால் எடுக்க வேண்டுமா? பெரியவர்களுக்கு, தொந்தரவு இல்லாவிட்டால் பெரும்பாலும் வேண்டியதில்லை.

கட்டோடு வீட்டுக்கு வந்த முதல் இரண்டு, மூன்று நாள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். கையைத் தலையணை மேல், நெஞ்சுக்கு மேலான உயரத்தில் வையுங்கள். அவ்வப்போது நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, மடங்கிய விரலை வேறொருவர் நிமிர்த்தும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, விரல் மரத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ, உள்ளே 'கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம்' (தசையைச் சுற்றிய உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்பது) தொடங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். ஆறு மணி நேரத்திலேயே தசை மீளமுடியாமல் கெடத் தொடங்கிவிடும்.

அரிக்கிறது என்று கட்டுக்குள் பென்சிலையோ ஊசியையோ விடாதீர்கள். உள்ளே கீறினால் புண்ணாகும், அது வெளியே தெரியாது. ஒரு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரேவுக்கு வரச் சொன்னால் தவறாமல் போங்கள். வீக்கம் வற்றியதும் கட்டு தளர்ந்து எலும்பு நழுவ வாய்ப்புண்டு. அப்போதே கண்டுபிடித்தால் சரிசெய்வது எளிது.

என் அம்மா ஒரு தவறு செய்தார். விரலை அசைத்தால் எலும்பு விலகிவிடும் என்று பயந்து, ஆறு வாரமும் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். கட்டைப் பிரித்தபோது எலும்பு அழகாகக் கூடியிருந்தது. ஆனால் சாதத்தைப் பிசைந்து ஒரு கவளம் எடுக்க விரல்கள் மடங்கவில்லை. தட்டின் முன் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தானே பிசைந்து சாப்பிட இரண்டு மாதமாயிற்று.

ஆகவே, மருத்துவர் தடுக்காதவரை, கட்டுப் போட்ட அன்றிலிருந்தே விரல்களை முழுதாக மடக்கி நீட்டுங்கள், மணிக்கு ஒருமுறையாவது. முழங்கையையும் தோளையும்கூட அசைக்க வேண்டும். கட்டுப் பிரித்ததும் கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரியும். அது இயல்புதான். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெல்ல மடக்கிப் பழகுங்கள்.

சாப்பாட்டில் சிறப்பாக ஒன்றும் வேண்டியதில்லை. பால், முட்டை, பருப்பு, மீன் போதும். கேழ்வரகை மறக்காதீர்கள், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தால், அது ஏற்கெனவே ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பின் அடர்த்தி குறைந்து நொய்ந்து போவது) இருப்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். மணிக்கட்டைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அடுத்து முறிவது இடுப்பெலும்பாக இருக்கக்கூடும். எலும்பு அடர்த்தியை அளக்கும் 'டெக்ஸா ஸ்கேன்' வலியில்லாதது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டாலும், கட்டுப் பிரிக்கப் போகும் அன்று நீங்களே கேளுங்கள்.