விரிதலும் மீளுதலும்

நுழையும்முன்

நாம் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகிறோம். இவ்வளவு வேலை செய்தும் நுரையீரல் களைப்படைவதில்லை. அதற்குரிய காரணத்தை இப்பாடத்தில் அறிவோம்.

பலூனும் நுரையீரலும்

பலூன் ஊதத் தொடங்கும்போது எளிதில் விரிவதில்லை. சற்று விரிந்தபின் ஊதுவது எளிதாகிறது. நிறையும் நிலையில் மீண்டும் கடினமாகிறது. நுரையீரலும் ஏறத்தாழ இவ்வாறே விரிகிறது.

இழுத்துவிட்ட பொருள் தன் பழைய நிலைக்குத் திரும்பும் பண்பே மீள்தன்மை. நுரையீரலில் எலாஸ்டின், கொல்லாஜன் என்னும் இருவகை இழைகள் உள்ளன. எலாஸ்டின் ரப்பரைப் போல் நீளும். கொல்லாஜன் கயிற்றைப் போல் ஓர் எல்லைக்குமேல் நீளாது. ஆகவே, நுரையீரல் நிறைய நிறைய அதன் இறுக்கமும் மிகுகிறது. முடிந்த அளவு மூச்சை இழுத்தபின், இன்னும் சிறிது இழுக்க முயன்று பாருங்கள். அந்த இறுக்கத்தை நீங்களே உணர்வீர்கள்.

காற்று மிகக் குறைந்த நிலையிலும் நுரையீரல் எளிதில் விரியாது. காற்று நுண்ணறைகளின் உட்புறம் ஈரமானது. ஈரப்படலம் அவற்றைச் சுருங்கச் செய்கிறது. அந்த இழுவிசையைக் குறைக்கும் வழவழப்பான பொருள் ஒன்று நுரையீரலிலேயே சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட இடர்ப்படுவதற்கு இப்பொருளின் குறைபாடே காரணம் என்பதை மேரி எலன் ஏவரி, ஜெரே மீட் ஆகியோர் 1959ஆம் ஆண்டு கண்டறிந்தனர்.

நடுநிலையே எளிது

இயல்பாக மூச்சை வெளிவிட்டபின்னும் வளர்ந்தவர் ஒருவரின் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காற்று எஞ்சியிருக்கும். அடுத்த மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்று உட்செல்கிறது. நுரையீரல் மிக எளிதாக விரியும் பகுதி இதுவே. மூணாறு மலைச்சரிவில் தேயிலைச் சுமையுடன் ஏறுபவரின் மூச்சு ஆழமாகும். எனினும் அது நுரையீரலின் முழுக் கொள்ளளவை எட்டுவதில்லை. மாறாக, மூச்சின் எண்ணிக்கை கூடுகிறது. கடினமான எல்லையை உடல் தானே தவிர்த்துக்கொள்கிறது.

கல்பாத்தித் தேர்த்திருவிழாவில் நாகசுரம் வாசிப்பவரைக் கவனியுங்கள். மூச்சு நிறைந்திருக்கும்போது நுரையீரல் தானே சுருங்கிக் காற்றைத் தள்ளும். கலைஞர் அதனை அடக்கி அளவாக விடுகிறார். காற்றுக் குறைந்ததும் வயிற்றுத் தசைகளால் அழுத்தி ஊதுகிறார்.

மீள்தன்மை கெடும்போது

கருநாடகத்தின் கோலார் தங்கவயலில் பணிபுரிந்தோருள் பெரும்பாலோர் நம்மைப் போலப் பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்த தமிழர்களே. பாறையைத் துளைக்கும்போது எழுந்த நுண்தூசி பலருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தந்தது. அந்நோயில் நுரையீரலில் தழும்புகள் உண்டாகின்றன, நுரையீரல் இறுகுகிறது. சிறிதளவு விரியவும் பெருமுயற்சி வேண்டியிருப்பதால், மூச்சு குறுகியும் விரைந்தும் அமைகிறது. சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆனால், கல்லுடைக்கும் தொழில் உள்ள இடங்களில் எல்லாம் இந்நோய்க்கு இடமுண்டு.

பீடி, சிகரெட்டுப் புகை வேறு வகையில் கெடுக்கிறது. அது எலாஸ்டின் இழைகளை அழிக்கிறது. அப்போது நுரையீரல் எளிதாக விரியும். ஆனால், சரிவர மீளாது. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும்.

இவ்விரு கேடுகளையும் முற்றிலும் நீக்க மருந்து இல்லை. தடுக்க வழி உண்டு. கல்லை நீர் தெளித்து ஈரப்படுத்தித் துளைத்தால் தூசி குறையும். தூசியைத் தடுக்கும் தகுந்த முகக்கவசமும் காக்கும். தூசியில் பணிபுரியும் பெற்றோரிடம் இதனை எடுத்துக் கூறுவது உங்கள் கடமை.

சொல்லும் பொருளும்

மீள்தன்மை – பழைய நிலைக்குத் திரும்பும் பண்பு
கொள்ளளவு – நிறைந்து கொள்ளும் அளவு
இடர்ப்படுதல் – துன்புறுதல்

சிந்தித்து எழுதுக

1. மூச்சு நிறைந்த நிலையில் மேலும் இழுப்பது ஏன் கடினம்?
2. தூசியும் புகையும் நுரையீரலைக் கெடுக்கும் முறைகளை வேறுபடுத்துக.