ஸ்கீ விளிம்பைக் கூர்தீட்டணுமா, மழுங்க வைக்கணுமா? இரும்புக் கம்பியில் சறுக்குபவர்கள் கையில் அரம் எதற்கு?

குமணன்சாவடி சந்திப்பில் காலை ஷிஃப்டுக்கு பஸ் பிடிப்பவர்களில் திருமழிசை சிட்கோவுக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் போகிறவர்கள் உண்டு. அவர்களில் லேத்தில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கடைந்து முடித்த இரும்புத் துண்டை அப்படியே அனுப்பக் கூடாது. ஓரத்தில் நிற்கிற பிசிறை அரத்தால் இழுத்து, கூர்முனையை லேசாக உடைத்த பிறகுதான் அது அடுத்த கைக்குப் போகணும். இல்லையென்றால் கையைக் கிழிக்கும், பொருத்துகிற இடத்தில் சிக்கும்.

பனிமலையில் ஸ்கீ ஓட்டுகிறவர்களில் ஒரு சாராரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஸ்கீ பலகையின் எஃகு விளிம்பைத் தேடிப்பிடித்து மழுங்க வைக்கிறார்கள். கூர்மையாக இருந்தால்தானே நல்லது? பிறகு எதற்கு இந்த வேலை? எங்கே மழுங்க வைக்கலாம், எங்கே வைத்தால் ஆபத்து? பார்க்கலாம்.

ஸ்கீ பலகையில் எஃகு எங்கே இருக்கிறது?

ஸ்கீயின் அடிப்பகுதி பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதன் இரண்டு ஓரங்களிலும் முனையிலிருந்து வால் வரை சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் எஃகுப் பட்டை ஓடும். ஆரம்ப காலத்தில் ஸ்கீ என்றால் வெறும் மரப்பலகைதான். 1920-களில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் என்பவர்தான் ஓரத்தில் எஃகுத் துண்டுகளைத் திருகிப் பொருத்தும் யோசனையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு, இறுகிய பனியிலும் பிடிமானம் கிடைத்தது.

வளையும்போது உடல் எடை முழுக்க இந்த மெல்லிய ஓரத்தில் இறங்கும். அது பனியைக் கீறிப் பிடித்துக்கொள்ளும். பனி கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால், விளிம்பும் அந்த அளவுக்குக் கூராக இருக்கணும். மழுங்கிய விளிம்பு என்றால், வழுக்கைத் தேங்காயில் மொட்டைக் கத்தி வைத்த கதைதான். வழுக்கிக்கொண்டு போகும், பிடிக்காது.

கூர் யாருக்கு வேண்டும்?

காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம் என இரண்டு பிரிவுகளில் இந்தியாவுக்காக இறங்கினார். ஜெயண்ட் ஸ்லாலத்தில் 45-வது இடம் பிடித்தார். கொடிக்கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் போட்டி இது. ஓடுதளத்தை வேண்டுமென்றே கல் மாதிரி இறுக வைப்பார்கள். இந்த வகைப் போட்டிகளில் விளிம்பு சவரக்கத்தி மாதிரி இருந்தால்தான் வேலைக்கு ஆகும். 90 டிகிரி மூலையைப் பக்கவாட்டில் 3 டிகிரி வரை குறைத்து, 87 டிகிரி ஆக்கித் தீட்டுவது வழக்கம்.

அப்படியென்றால் மழுங்க வைப்பது யார்?

டெரைன் பார்க் என்று ஓர் இடம் உண்டு. பனிச்சரிவிலேயே இரும்புக் குழாய்கள், பெட்டி வடிவ மேடைகள், தாவுவதற்கான மேடுகள் எல்லாம் அமைத்திருப்பார்கள். ஸ்கேட்போர்டு ஓட்டுகிற பையன்கள் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பனி வடிவம்தான் இது. 1998-ல் சாலமன் நிறுவனம் இரு முனையும் மேலே வளைந்த 'டென் எய்ட்டி' ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகு இந்த ஆட்டம் வேகம் பிடித்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 'ஸ்லோப்ஸ்டைல்' என்ற பெயரில் பதக்கப் போட்டியாகவே ஆனது.

இங்கே வீரர் ஸ்கீயைக் குறுக்காகத் திருப்பி, கால் குழாயின் மேல் இருக்கும்படி சறுக்குவார். இப்போது யோசியுங்கள். எஃகு விளிம்பு பனியைக் கீறும். எஃகுக் குழாயைக் கீறுமா? கீறாது. அதனால் குழாயின் மேல் கூர்மையால் பிடிமானம் எதுவும் கிடைப்பதில்லை. மழையில் ரோட்டில் கிடக்கும் இரும்புத் தகட்டின் மேல் பைக் ஏறினால் எப்படியோ, அப்படித்தான் குழாயும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குழாயில் வெல்டிங் வைத்த மேடு இருக்கும், முன்னால் போனவர்கள் உண்டாக்கிய கீறல் இருக்கும். கால் லேசாகச் சாய்ந்தாலே கூரான விளிம்பு அதில் போய் மாட்டிக்கொள்ளும். பலகை அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் முன்னால் பறப்பார். மணிக்கட்டு, தோள்பட்டை, தலை என்று எது முதலில் இரும்பில் மோதும் என்று சொல்ல முடியாது. விளிம்பின் மூலை உருண்டையாக இருந்தால், அந்த மேட்டின் மேல் ஏறி வழுக்கிப் போய்விடும். லேத் பட்டறையில் பிசிறு எடுப்பதும் இதற்காகத்தானே!

முழு விளிம்பையும் மழுக்கலாமா?

கூடாது. பலர் தப்பு செய்வது இங்கேதான். குழாயில் இறங்கிய அடுத்த நொடி மறுபடியும் பனிதான். அங்கே வேகத்தைக் குறைக்கணும், திரும்பணும், எதிரே ஆள் வந்தால் நிற்கணும். அதற்கெல்லாம் விளிம்பு வேண்டும். அதனால் அனுபவசாலிகள் இப்படிச் செய்வார்கள்:

• காலணி நிற்கும் பகுதிக்கு முன்னும் பின்னும் சிறிது தூரம் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வார்கள். குழாயில் உரசுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

• முதலில் வைரக்கல்லால் பிசிறை எடுப்பார்கள். இரும்பில் மோதிய இடத்தில் எஃகு கூடுதலாக இறுகிப்போயிருக்கும். நேரடியாக அரம் போட்டால் அரம்தான் தேயும்.

• பிறகு அரத்தை 45 டிகிரி சாய்த்து, மெதுவாக இரண்டு மூன்று இழுப்பு. கடைசியில் ரப்பர் கல்லால் ஒரு தேய்ப்பு.

• நகத்தின் மேற்பரப்பை விளிம்பில் குறுக்காக வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். நகம் சீவிக்கொண்டு வந்தால் இன்னும் கூர் இருக்கிறது என்று அர்த்தம். விரலை விளிம்பின் நீளவாக்கில் மட்டும் ஓட்டவே கூடாது.

• முனையும் வாலும் மேலே வளையத் தொடங்கும் இடத்தில் லேசாக மழுக்குவார்கள். மீதி நீளம் முழுக்கக் கூராகவே இருக்கும்.

அதே பார்க்கில் ஹாஃப்பைப் ஓடுபவர் இதைச் செய்ய மாட்டார். அது சுமார் 6.7 மீட்டர் உயரச் சுவர்கள் கொண்ட பனிக்கால்வாய். சுவர் இறுகிய பனி என்பதால் அங்கே கூர் தேவை. 2022 பெய்ஜிங்கில் சீனாவின் ஐலீன் கூ ஹாஃப்பைப்பில் தங்கமும், ஸ்லோப்ஸ்டைலில் வெள்ளியும் வென்றார். ஒரே ஆள்தான், ஆனால் இரண்டு களமும் விளிம்பிடம் கேட்பது வேறு வேறு.

மழுக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியும், ஆனால் விலை உண்டு. மழுக்க சில நிமிடம் போதும். மறுபடி கூராக்க, உருண்டுபோன மூலை மறையும் வரை எஃகைச் சீவி எடுக்கணும். இருப்பதே 2 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் ஸ்கீயின் ஆயுள் குறைகிறது. அதனால்தான் வசதி உள்ளவர்கள் பார்க்குக்கு ஒரு ஜோடி, மலைச்சரிவுக்கு ஒரு ஜோடி என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள்.

நமக்கு இது எதற்கு?

குல்மார்க், ஆலி, மணாலி என்று குளிர்கால டூர் போகிற தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அங்கே ஸ்கீயை வாடகைக்கு எடுப்பது சகஜம். கனடாவில் டொராண்டோ பக்கம் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ப்ளூ மவுண்டன் டெரைன் பார்க் வார இறுதிப் பயண தூரம்தான். 'விளிம்பை மழுக்கினால் விழ மாட்டாய்' என்று யாராவது அனுப்பும் வீடியோவைப் பார்த்து அரத்தை எடுத்துவிடக் கூடாது. அந்த அறிவுரை குழாயில் சறுக்குபவர்களுக்கு மட்டும்தான். புதிதாகப் பழகுகிறவர் முழு விளிம்பையும் மழுக்கிவிட்டு, இரவில் உறைந்து காலையில் இறுகிக் கிடக்கும் சரிவில் இறங்கினால், நிறுத்தவே முடியாது.

வாடகை ஸ்கீ எடுக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

• விளிம்பு முழுக்கத் துருப்பிடித்திருக்கிறதா, பிசிறு நீட்டிக்கொண்டு இருக்கிறதா? மாற்றித் தரச் சொல்லுங்கள்.

• கால் பகுதியில் மட்டும் விளிம்பு உருண்டையாக இருந்தால், அது பார்க்கில் ஓடிய ஸ்கீயாக இருக்கலாம். பழகுபவருக்கு அது வேண்டாம்.

• எஃகுப் பட்டை பலகையை விட்டுப் பிரிந்து நிற்கிறதா? எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இறங்கினால் மரக்கட்டை ஊறிப் பலகையே கெடும்.

• வாடகை ஸ்கீயில் நீங்களாக அரம் போடாதீர்கள். கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

சொந்த ஸ்கீயை ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள், ஈரத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே உறையில் போடணும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்துக்குக் கூரான எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மொத்தத்தில் கணக்கு இதுதான்: பனியில் நிற்கக் கூர் வேண்டும், இரும்பில் சறுக்கக் கூர் வேண்டாம். எங்கே ஓட்டப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகு அரத்தைத் தொட்டால் போதும்.