சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வருகிறதா?

காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர். அதில் பிள்ளையின் பாடத்துக்காக ஒரு மென்பொருளை நிறுவப் போனால், ‘அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கொடுங்கள்’ என்கிறது. பழைய போட்டோக்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் ‘ஆக்சஸ் டினைடு’ என்கிறது. கூட்டேரிப்பட்டில் இருப்பவர் உடனே அதைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறுவார். அவசரத்தில் ‘ஃபார்மேட் போட்டுடுங்க’ என்று சொல்லிவிட்டால் கல்யாண போட்டோக்கள், பத்திர ஸ்கேன்கள், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் சேர்ந்தே அழிந்துவிடும். இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை எதையும் அழிக்காமல் வீட்டிலேயே சரிசெய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஏன் இப்படிக் கேட்கிறது?

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், வீட்டில் உருவாக்கும் அக்கவுண்ட் வழக்கமாக முழு அதிகாரத்தோடு இயங்கியது. அந்த அக்கவுண்ட்டில் நுழைந்த வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. இதைத் தடுக்க, 2007-ல் வந்த விஸ்டாவில் யூஏசி எனப்படும் கட்டுப்பாட்டை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதன் பிறகு, நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராகவே இருந்தாலும் உங்கள் மென்பொருள்கள் சாதாரண அதிகாரத்தில்தான் ஓடும். கூடுதல் அதிகாரம் தேவைப்படும்போது மட்டும் திரை மங்கி, ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்கும்.

முதலில் நீங்கள் யார் என்று பாருங்கள்

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்ற வரிசையில் செல்லுங்கள். பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இருந்தால், குறிப்பிட்ட மென்பொருளின் மீது ரைட் கிளிக் செய்து ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தாலே பல சிக்கல்கள் தீரும்.

அந்தச் சொல் இல்லையென்றால் உங்களுடையது ஸ்டாண்டர்டு அக்கவுண்ட். அட்மின் அக்கவுண்ட் வேறொருவரிடம் இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் அத்தாவோ அண்ணனோ விடுமுறையில் வந்தபோது அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் என்றால் அவரிடமே கேட்டுவிடலாம். அவருக்கே பாஸ்வேர்டு மறந்திருந்தால், அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டாக இருக்கும் பட்சத்தில் அங்கிருந்தபடியே தன் மொபைலில் மாற்றிக்கொள்ள முடியும். லோக்கல் அக்கவுண்ட் என்றால், பாதுகாப்புக் கேள்விகள் அமைத்திருந்தால் லாகின் திரையிலேயே மாற்றலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியது, விற்றவரின் அட்மின் அக்கவுண்ட் அப்படியே இருக்கிறது, அவரையும் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால், உங்கள் கோப்புகளை பென் டிரைவுக்கோ வெளி ஹார்டு டிஸ்க்குக்கோ எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி. முன்பின் தெரியாதவர் அட்மினாக இருக்கும் கம்ப்யூட்டரில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து.

பழைய ஹார்டு டிஸ்க் திறக்க மறுத்தால்

பழுதான கம்ப்யூட்டரின் டிஸ்க்கைப் புதியதில் மாட்டினால் இந்தத் தடை வரும். இரண்டு கம்ப்யூட்டரிலும் உங்கள் பெயர் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் கொடுத்துள்ள தனி எண்ணையே பார்க்கிறது. பழைய எண்ணும் புதிய எண்ணும் வேறு.

அந்த ஃபோல்டரின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று செல்லுங்கள். மேலே ‘ஓனர்’ என்ற இடத்தில் ‘சேஞ்ச்’ கொடுத்து உங்கள் அக்கவுண்ட்டைச் சேருங்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் மாற்றச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். பிறகு அதே பக்கத்தில் உங்கள் பெயருக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுங்கள்.

இதை உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு மட்டுமே செய்ய வேண்டும். விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களில் செய்தால் கம்ப்யூட்டரே படுத்துவிடலாம். என்க்ரிப்ட் செய்த கோப்புகளுக்கும் இந்த வழி உதவாது. டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ தேவை. பலருக்கு அது அவர்களின் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்.

தமிழ்த் தட்டச்சு திடீரென்று நின்றுவிட்டால்

தனியாக நிறுவிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் மற்ற இடங்களில் எல்லாம் வேலை செய்யும், ஒரு விண்டோவில் மட்டும் ஆங்கிலமே வரும். அந்த விண்டோ அட்மின் அதிகாரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். குறைந்த அதிகாரத்தில் ஓடும் மென்பொருள் கூடுதல் அதிகாரத்தில் ஓடுவதற்குள் கை வைக்க விண்டோஸ் விடாது. அந்த மென்பொருளைச் சாதாரணமாகத் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. லினக்ஸில் முழு அதிகாரம் உள்ள அக்கவுண்ட்டுக்கு ‘ரூட்’ என்று பெயர். டெர்மினலில் கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ சேர்த்தால் அந்த அதிகாரம் தற்காலிகமாகக் கிடைக்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாமல் இருப்பது பழுதல்ல, அடித்து முடித்து என்டர் கொடுங்கள்.

செய்யக் கூடாதது

தொல்லை தாங்காமல் யூஏசியை முழுவதுமாக அணைத்துவிட வேண்டாம். அந்தக் கேள்வி வரும்போது மென்பொருளின் பெயரையும் தயாரித்தவரின் பெயரையும் படியுங்கள். நீங்கள் எதையும் திறக்காதபோது கேள்வி வந்தால் ‘நோ’ கொடுங்கள். போனில் அழைத்து, ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த மென்பொருளைப் போட்டு யெஸ் கொடுங்கள்’ என்று சொல்பவர் கேட்பது உங்கள் கம்ப்யூட்டரின் சாவியை. அப்படிப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

நாம் பரிந்துரைப்பது எளிய ஏற்பாடு. அட்மின் அக்கவுண்ட் ஒன்று, பாஸ்வேர்டோடு பெரியவர் பொறுப்பில் இருக்கட்டும். அந்த பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். அன்றாட வேலைக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் போதும். விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளை எதையாவது இறக்கினாலும், பெரியவரிடம் கேட்காமல் அது கம்ப்யூட்டர் முழுவதையும் கைப்பற்றுவது கடினம்.