சர்வருக்குக் காவல் வைக்கும் முன் கேட்க வேண்டியவை

கிளினிக், கணக்காளர் அலுவலகம், கூட்டுறவுக் கழகம், லோரி நிறுவனம் என நம்மவர் நடத்தும் பல இடங்களில் மேசைக்கு அடியிலோ குளிரூட்டிய சிற்றறையிலோ ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கு, சம்பளம், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அதில்தான். ஆனால், அது நின்ற பிறகுதான் பலருக்கு அதன் நினைவே வரும்.

பெரும்பாலும் அது திடீரென நிற்பதில்லை. அன்றாடம் சேரும் பதிவுக் கோப்புகளும் பேக்கப் பிரதிகளும் வன்தட்டைச் சிறுகச் சிறுக நிரப்புகின்றன. இடம் தீர்ந்ததும் கணக்கு மென்பொருள் எதையும் சேமிக்க மறுத்துவிடும். 80 விழுக்காடு நிரம்பியபோதே கைப்பேசிக்குத் தகவல் வந்தால், தேவையற்றதை அழித்துச் சமாளித்துவிடலாம். அதைக் கவனித்துச் சொல்வது கண்காணிப்பு ஏஜென்ட். காப்புறுதி ஏஜென்ட் அல்ல, சர்வருக்குள்ளேயே அமர்ந்திருக்கும் ஒரு சிறு மென்பொருள்.

லாட்வியாவில் உருவாகி 2001-இல் வெளிவந்த சாபிக்ஸ் இலவசம். 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட புரோமிதியசும் இலவசம்தான். டேட்டாடாக் போன்றவை ஒரு சர்வருக்கு மாதம் இவ்வளவு என அமெரிக்க டாலரில் கட்டணம் வாங்குகின்றன. இரண்டு மூன்று சர்வர் வைத்திருப்பவருக்கு இலவசமே போதும். ஆனால் அதை அமைத்துப் பராமரிப்பவருக்கும் சம்பளம் உண்டு.

விலையைவிட முக்கியம், ஏஜென்டின் கையில் எந்தச் சாவி போகிறது என்பது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு ஏஜென்டுக்கு அனுப்பிய பிழையான புதுப்பிப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. கேஎல்ஐஏ, சாங்கி விமான நிலையங்களில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. 2020-இல் அம்பலமான சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில், ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்புக்குள்ளேயே ஊடுருவிகள் புகுந்திருந்தனர்.

எனவே ஏஜென்டைப் பொருத்த வருபவரிடம் கேளுங்கள்: இதற்கு முழு நிர்வாகி உரிமை எதற்கு? புதுப்பிப்பு யாரையும் கேட்காமல் தானாக இறங்குமா? வெளியிலிருந்து இதன் வழியே கட்டளை அனுப்ப முடியுமா? சாபிக்சின் புதிய பதிப்புகளில் அந்தக் கடைசிக் கதவு ஆரம்பத்திலேயே மூடியிருக்கும். வசதிக்காக யாரும் திறந்துவிடக் கூடாது. புரோமிதியசுடன் பயன்படும் நோட் எக்ஸ்போர்ட்டர், நாமாக அமைக்காவிட்டால், கடவுச்சொல் கேட்காமலே 9100 எண் வாயிலில் பதில் சொல்லும். அந்த வாயில் இணையத்தை நோக்கித் திறந்திருந்தால் சர்வரின் நிலையை எவரும் படிக்கலாம்.

இன்னொன்று. சர்வர் செத்தால் அதற்குள் இருக்கும் ஏஜென்டும் சேர்ந்தே சாகும். பிறகு யார் சொல்வது? அதனால் தகவல் வாங்கும் கணினி வேறிடத்தில் இருக்க வேண்டும். தகவல் வராமல் போனாலே அது எச்சரிக்கை எழுப்ப வேண்டும். வேலையை ஒப்படைக்கும் நாளில், ஏஜென்டை மட்டும் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில், யாருடைய கைப்பேசி அடிக்கிறது என்று நேரிலேயே பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.